நோயுள்ள பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுச் சுற்றுலா போகலாமா?

பெருநாள் தொழுகை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, அஸருக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் கிளம்புவது நம் ஊர்களில் வழக்கம். பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தால் குற்றாலம், கொடைக்கானல், ஊட்டி என்று வேன் பிடிக்கிறார்கள். வேனுக்கு ஆள் கணக்கு எடுக்கும்போது சில வீடுகளில் ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் வருவதில்லை. "அவனுக்கு வீசிங் இருக்கு, குளிர் ஒத்துக்காது." "அவளுக்கு ஃபிட்ஸ் வந்துட்டா அங்கே என்ன செய்யிறது?" "இவன் கூட்டத்தைப் பார்த்தா கத்துவான்." அந்தப் பிள்ளை நன்னியோடு வீட்டில் தங்கிவிடும்.

இப்படி விட்டுச் செல்பவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அந்தப் பிள்ளைக்காக இரவெல்லாம் கண்விழித்தவர்களும் அவர்கள்தாம். பயம்தான் பெரிய காரணம். சில வீடுகளில் அதனடியில் கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். ஆனால் பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வரும். வாப்பாவின் செல்போனில் இருக்கும் பெருநாள் படங்களில் தான் மட்டும் இல்லை என்பதை அது ஒரு நாள் கவனிக்கும்.

வேறு சில வீடுகளில் நேர் எதிராக நடக்கிறது. ஒரு பிள்ளையின் நோயைக் காரணம் காட்டி யாருமே எங்கும் போவதில்லை. மற்றப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாமல் அந்தச் சகோதரன் மீது மனக்குறை வளர்க்கிறார்கள். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, நபியவர்கள் மறுத்து, பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை நாம் சொத்துக்கும் நகைக்கும் மட்டும் பொருத்திப் பேசிப் பழகிவிட்டோம். வெளியே அழைத்துச் செல்வதும் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பெறும் ஒரு பங்குதான்.

பலவீனமானவரே அளவுகோல்

உஸ்மான் பின் அபுல்ஆஸ் (ரலி) அவர்களை அவருடைய கூட்டத்தாருக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களில் மிகப் பலவீனமானவரைக் கவனத்தில் கொண்டு தொழுவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத், நஸயீ). நீண்ட நேரம் தொழுவிக்க நினைத்து நின்ற நபியவர்கள், குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாயின் சிரமத்தை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொண்டார்கள் என்பதும் புகாரியில் உள்ளது. திடகாத்திரமானவரின் வேகத்தில் ஜமாஅத் போவதில்லை. குடும்பப் பயணத்துக்கும் இதே முறையை எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு, இந்தப் பிள்ளை வரலாமா என்று கேட்பது தலைகீழான முறை. இந்தப் பிள்ளைக்கு எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு நேரம் ஒத்துவரும் என்று முதலில் பார்த்து, மற்றவர்கள் அதற்குள் பொருந்திக்கொள்ள வேண்டும்.

ஒரு பெருநாளில் மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நடத்தினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார்கள். அவர்களாகச் சலித்துப் போகும்வரை நபியவர்கள் நகராமல் நின்றார்கள். மார்க்கத்தில் பொழுதுபோக்குக்கு இடமுண்டா என்று இன்னும் நம்மிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

தந்தையின் பயத்தையும் குர்ஆன் புறக்கணிக்கவில்லை. சூரா யூசுஃபின் 12ஆம் வசனத்தில், தம்பியை ஓடி விளையாட எங்களோடு அனுப்புங்கள் என்று அண்ணன்மார் கேட்கிறார்கள். யஃகூப் (அலை) அவர்கள் விளையாட்டைத் தவறென்று சொல்லவில்லை. இவர்கள் கவனக்குறைவாக இருக்கும்போது ஓநாய் தின்றுவிடுமோ என்றே அஞ்சினார்கள். நோயுள்ள பிள்ளை விஷயத்திலும் இதுதான் கேள்வி: உடன் செல்பவர்கள் கவனமானவர்களா, அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா? கீழே எழுதியிருப்பவை அதற்கான பொதுவான விவரங்கள். மருந்தின் பெயரும் அளவும் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவரைப் பார்த்து, அவசரத்துக்கு என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

வீசிங் உள்ள பிள்ளை

"இன்ஹேலர் பழகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் கொடுக்கணும்" என்ற பேச்சு நம் வீடுகளில் ஒழியவே மாட்டேன் என்கிறது. இன்ஹேலர் போதைப் பொருள் அல்ல. சால்பியூட்டமால் சிரப்பில் 5 மில்லி குடித்தால் பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து உடம்பெல்லாம் போகிறது. இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது அதில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேராக மூச்சுக் குழாய்க்குப் போகிறது. சிரப்பைத் தயங்காமல் கொடுத்துவிட்டு இன்ஹேலருக்கு அஞ்சுவதில் பொருளில்லை. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயோடு சேர்த்துக் கொடுத்தால் சின்னப் பிள்ளையும் மருந்தைச் சரியாக இழுக்கும். லேசான, நடுத்தரமான இளைப்புக்கு இது நெபுலைசர் அளவுக்கே பலன் தரும் என்பதால், மின்சாரம் இல்லாத இடத்துக்கும் தைரியமாகப் போகலாம்.

தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைப் பயண நாட்களில் விட்டுவிடக் கூடாது. உடனே மூச்சைத் திறக்கும் இன்ஹேலர் கைப்பையில் இருக்க வேண்டும். வேனின் மேல் கட்டிய பெட்டியில் வைத்தால் அது வீட்டில் இருப்பதற்குச் சமம். வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையிலும் வைக்கக் கூடாது. அது அழுத்தமேற்றிய குப்பி.

மலை ஊர் லாட்ஜ்களில் கம்பளியும் தரைவிரிப்பும் தூசு பிடித்தவையாக இருக்கலாம். சொந்தமாகப் போர்வையும் தலையணை உறையும் கொண்டுபோவது நல்லது. அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். குளிர்ந்த காற்று வீசினால் மூக்கும் வாயும் மூடும்படி ஒரு துணி சுற்றிவிடுங்கள். இதோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருநாளன்று நாமே வீட்டில் ஊதும் சாம்பிராணியும் ஊதுபத்தியும் ஊத் கட்டைப் புகையும் இந்தப் பிள்ளைக்குக் கொடைக்கானல் குளிரைவிட மோசமானவை. வாசனை விரும்பத்தக்கதுதான், மறுக்கவில்லை. ஆனால் புகை இல்லாமலும் அத்தர் பூசிக்கொள்ளலாம். பிள்ளைக்கு அந்த வாசனையும் ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடி விளையாடவிடாமல் உட்கார வைப்பது தீர்வாகாது. முதலில் மெதுவாக நடந்து, பிறகு ஓடட்டும். ஓடினாலே இளைக்கும் பிள்ளைக்கு விளையாடுமுன் இன்ஹேலர் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறுவது, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுப்பது, உதடு நீலமாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருந்தைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வலிப்பு: பயமும் மறைப்பும்

நம் சமுதாயத்தில் அதிகம் மறைக்கப்படும் நோய் இது. ஜின் பிடித்தது என்பார்கள், காற்றுக் கருப்பு என்பார்கள். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஓதிப் பார்ப்பதைத்தான் தடுக்கிறோம். திடீரென மாத்திரையை நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி உஸாமா பின் ஷரீக் (ரலி) வழியாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியிருக்கிறது.

பயணத்தில் வலிப்பு வர முக்கியக் காரணங்கள் இரண்டு: மாத்திரை தவறுவது, தூக்கம் கெடுவது. பெருநாள் இரவு முழுக்க விழித்திருந்து, மறுநாள் இரவே வேன் ஏறினால் இரண்டும் சேர்ந்து நடக்கும். இந்தப் பிள்ளைக்காகப் பகல் பயணமாக வைத்துக் கொள்ளுங்கள். தேவைக்கு மேல் மூன்று நாள் மாத்திரை எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். செல்போன் அலாரம் இருக்கட்டும். மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு தூண்டப்படுவது வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்குத்தான். எல்லாப் பிள்ளைக்கும் அந்தத் தடை தேவையில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. குற்றாலம் பேரருவியின் நெரிசலில் வலிப்பு வந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வர வழியிருக்காது. புலியருவி போன்ற சிறிய அருவியில், கூட்டம் குறைந்த வேளையில், கையைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நிற்க, பிள்ளை நனையலாம். கடலில் கால் நனைக்கலாம், ஆனால் கை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் உடன் இருப்பவர் பிள்ளையைத் தூக்கி வெளியே கொண்டுவரக் கூடியவராக இருக்க வேண்டும். லாட்ஜில் குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் வேண்டாம். ராட்டினம் வேண்டாம்.

வலிப்பு வந்துவிட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள். கல்லோ நெருப்போ அருகில் இருந்தால் அதை அகற்றுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நிற்பவை, அந்த நேரத்தில் சாவி கையில் இருந்ததால் பெயர் அதற்குப் போய்விட்டது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, தண்ணீருக்குள் வந்தாலோ 108ஐ அழையுங்கள். மூக்கில் அடிக்கும் மிடஸோலம் ஸ்பிரே தேவையா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைக்கலாம்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். வலிப்பில் சிறுநீர் கழிந்துவிடலாம், ஆடை விலகலாம். ஒரு துண்டையோ துப்பட்டியையோ எடுத்துப் போர்த்துங்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களை விலக்குங்கள். மருத்துவரிடம் காட்டுவதற்காக வீட்டார் ஒருவர் சில வினாடிகள் படம் பிடிப்பது உதவும். மற்ற செல்போன்கள் எல்லாம் கீழே போகட்டும்.

போர்த்துவதை நாம் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதாஉ பின் அபீரபாஹிடம், சொர்க்கத்துப் பெண் ஒருவரைக் காட்டட்டுமா என்று கேட்டு, ஒரு கறுப்பு நிறப் பெண்மணியைக் காட்டினார்கள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதாகவும் அப்போது ஆடை விலகுவதாகவும் சொல்லித் துஆ கேட்டவர். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணத்துக்கு துஆ என்று நபியவர்கள் இரண்டையும் முன்வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆ கேட்டார், நபியவர்களும் துஆச் செய்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்தப் பெண்மணியை யாரும் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊரில் நடமாடினார், அவரை அடையாளம் காட்டவும் ஆள் இருந்தது. அவர் கேட்ட கண்ணியத்தை நபியவர்கள் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

இந்த ஹதீஸைச் சொல்லி, "நாங்களும் ஸப்ர் செய்கிறோம், மருந்து வேண்டாம்" என்று சில பெற்றோர் வாதிடுகிறார்கள். அந்தப் பெண்மணி தமக்காகத் தாமே எடுத்த முடிவு அது. பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோர் பொறுமையைத் தேர்ந்தெடுத்து மருந்தை மறுக்க முடியாது. பிள்ளை அவர்களிடம் இருக்கும் அமானிதம்.

இன்சுலின் போடும் பிள்ளை

சர்க்கரை நோய் பெரியவர்களுக்குத்தான் வரும் என்பது தவறு. முதல் வகைச் சர்க்கரை நோய் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் வரும், இன்சுலின் ஒரு நாளும் நிற்கக் கூடாது. அது பன்றியிலிருந்து எடுப்பது என்ற தயக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இப்போது பிள்ளைகளுக்குப் போடும் மனித வகை இன்சுலின்கள் பாக்டீரியா, ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படுபவை.

வெயில் இன்சுலினைக் கெடுத்துவிடும், உறைந்தாலும் அது கெட்டுவிடும். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைக்காமல், துணி சுற்றிக் குளிர்காப்புப் பையில் வையுங்கள். தங்கும் இடத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால், தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து அதில் வைக்கும் பழைய முறை நன்றாகவே வேலை செய்யும்.

கடற்கரையில் ஓடியாடும் பிள்ளைக்குச் சர்க்கரை குறையும். வியர்வை, நடுக்கம், திடீர்க் கோபம், உளறல் ஆகியவை அடையாளம். அடம் பிடிக்கிறது என்று திட்டுவதற்கு முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மிகச் சின்னப் பிள்ளைக்கு அளவு குறையும், அதையும் அந்தத் தாளில் எழுதி வாங்குங்கள். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனை. பகலில் ஓடியதன் விளைவு நள்ளிரவிலும் வரும் என்பதால் தூங்குமுன் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை

இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கூட்டமும் இரைச்சலும் உடல் வலி போலவே தாங்க முடியாதவை. பெருநாள் மாலைக் கடற்கரை அவர்களுக்கு ஏற்ற இடமல்ல. ஆனால் அதே கடற்கரை ஃபஜ்ருக்குப் பிறகு காலியாக இருக்கும். ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் தூங்கப் போகும் வாப்பாமார்கள் வாரத்தில் ஒரு நாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடக்கலாம். முதல் நாளே அந்த இடத்தின் படத்தைக் காட்டி, எதில் போவோம், என்ன செய்வோம், எப்போது திரும்புவோம் என்று வரிசையாகச் சொன்னால் பதற்றம் குறையும்.

இவர்களில் பலருக்குத் தண்ணீர் மீது பெரும் ஈர்ப்பு உண்டு. சொல்லாமல் ஓடிவிடுவார்கள். சட்டைப் பையில் பெயரும் இரண்டு செல்போன் எண்களும் இருக்க வேண்டும். கடற்கரையில் மக்ரிபு நேரம் வந்ததும் வீட்டார் எல்லோரும் ஒரே ஜமாஅத்தாகத் தக்பீர் கட்டி நிற்பதைப் பார்க்கிறோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் நிற்க வேண்டும். அவர் பிறகு தொழுது கொள்ளலாம். தொழுதுகொண்டிருக்கும்போது பிள்ளை தண்ணீரை நோக்கி ஓடினால், வேறு ஆளில்லை என்றால், தொழுகையை முறித்துவிட்டு ஓடிப்போய்ப் பிடிப்பது கடமை. உயிர் காக்கத் தொழுகையை முறிப்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். இருட்டும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்ற நபிமொழியைப் பார்த்தால், இந்தப் பிள்ளையோடு மக்ரிபுக்கு முன்பே கரையேறி வீட்டில் தொழுவது இன்னும் நல்லது.

சக்கர நாற்காலி

மணலில் சக்கரம் ஓடாது. சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, அலையின் அருகே செல்லும் மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீர்செய்யப்பட்டது. கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக் கொள்ளுங்கள். துணையின்றிப் பயணிக்க இயலாத உடலியக்கக் குறைபாடு உள்ளவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்று வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், தலசீமியா, ஹீமோஃபிலியா உட்பட 21 வகைகளை ஏற்கிறது. அடையாள அட்டை இன்னும் வாங்காதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

வழியில் தொழ நிறுத்தினால் பள்ளிவாசல்களில் பளிங்குப் படிகள் ஏழெட்டு இருக்கும், சாய்தளம் இருக்காது. மினாராவுக்கு வசூல் செய்யும் ஜமாஅத்துகள் ஒரு சாய்தளத்துக்கும் வசூல் செய்யலாம். சக்கரம் அசுத்தம் என்று வாசலில் தடுப்பவர்களுக்காக, துடைக்க ஒரு ஈரத்துணி பையில் இருக்கட்டும்.

வெட்கத்தைப் பற்றி

"வெளியே தெரிந்தால் மூத்தவளுக்கு மாப்பிள்ளை வராது" என்பதுதான் அந்த வெட்கத்தின் உண்மையான பெயர். பல நோய்கள் பரம்பரையாக வருவதில்லை. வருபவற்றை மறைத்துச் செய்யும் நிக்காஹ், தெரியவரும் நாளில் இரு குடும்பத்தையும் உடைக்கிறது. தம்பியோடு பூங்காவுக்கு வரத் தயங்காத ஒரு மருமகன் கிடைப்பது அந்த மூத்த பெண்ணுக்கும் நல்லதுதான்.

முதல் பயணத்தைச் சிறிதாக வையுங்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம், இரண்டு மணி நேரம் தங்கல், அவ்வளவே. சொந்தக்காரர்கள் இருபது பேரோடு வேண்டாம். மருத்துவர் எழுதித் தந்த தாளில் பிள்ளையின் பெயர், நோய், மருந்துகள், ரத்த வகை, மருத்துவரின் எண் ஆகியவற்றையும் சேர்த்து மூன்று நகல் எடுங்கள். ஒன்று பிள்ளையின் பையில், ஒன்று உம்மாவின் கைப்பையில். மூன்றாவதை வேன் ஓட்டுநரிடம் கொடுத்து விஷயத்தைச் சொல்லி வையுங்கள். புது ஊரில் அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழி தெரிந்தவர் பெரும்பாலும் அவர்தான்.